உறைப்புக் கடலை பட்டர், 7/4 கீழ்க்கணக்கு

லோஜினி,
7ஆம் லயம், 4ஆம் காம்பரா,
கீழ்க்கணக்கு, ஆர்ட்கில் தோட்டம்,
வட்டவளை.
2025 ஜனவரி 19

கொழும்பு மாநகரின் பெரிய மனிதரும் எனக்கு வாய்த்த ஒரே அண்ணனுமாகிய லோஜன் அவர்களுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீ சுகமாக இருப்பது உன் போன் படத்திலேயே தெரிகிறது. கழுத்து எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

"ரூம்ல ஆளுங்க இருக்காங்க, எனக்கு போன் கோல் எடுக்காத. வொய்ஸும் போடாத. நீ பேசுறதக் கேட்டா எந்த ஊருன்னு தெரிஞ்சிரும்" என்று சொன்னாய். நான் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. கடிதம் எழுதாதே என்று நீ சொல்லவில்லை. ஆகவே இனிமேல் கடிதம்தான். உறையின் முன்னாலும் பின்னாலும் சிவப்பு மையில் எங்கள் விலாசத்தை எழுதியிருக்கிறேன். உன் ரூம்காரர்கள் கண்ணாடி தேட வேண்டியதில்லை.

நீ தீபாவளிக்குக் கொண்டுவந்த பீனட் பட்டர் தீர்ந்துவிட்டது. அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஆளுக்கு அரைக் கரண்டி என்று பிரசாதம் மாதிரிக் கொடுத்தார். காலிப் போத்தலைப் பார்த்து அப்பா பெருமூச்சு விட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடலைதானே? பஜாரில் ரிஸ்வி நானா கடையில் நிலக்கடலை வாங்கி, வறுத்து, தோலைத் தேய்த்துச் சொளகில் புடைத்தேன். தோல் பறந்து பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி அக்காவின் ஈரத்துணியில் ஒட்டியது தனிக்கதை. லயத்துக் கரண்டுக்கு மிக்ஸி சுற்றாது என்று உனக்குத் தெரியும். அம்மியில் அரைத்தேன்.

முதலில் மாவாகிறது. பிறகு கட்டி கட்டியாக, கெட்டுப்போன மாதிரி ஆகிறது. அந்த இடத்தில் அழுகை வரும். நிறுத்தாமல் அரைத்தால் எண்ணெய் கக்கி, பளபளவென்று இளகி வருகிறது. கையில் ஐந்து விரல் இருப்பது அதற்குப் பிறகு மறந்துபோகும்.

ஒரு தப்பு நடந்தது. அது அம்மா தினமும் சம்பலுக்கு மிளகாய் அரைக்கும் அம்மி. கழுவினேன், சத்தியமாகக் கழுவினேன். இருபது வருடமாக மிளகாய் குடித்த கல்லை ஒரு வாளித் தண்ணீர் என்ன செய்துவிடும்? அப்பா ரொட்டியில் பூசி ஒரு கடி கடித்தார். கண்ணில் தண்ணீர்.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று அம்மா பதறினார்.

"ஒன்னும் ஆகல. இன்னொரு ரொட்டி குடு."

மறுநாள் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது கொண்டுபோனார். தேத்தண்ணி நேரத்தில் மலையே விரலை நக்கியதாம். இப்போது வேண்டுமென்றே அதே அம்மியில் அரைக்கிறேன்.

நீ அங்கே யாரோடோ கடலை போடுவதாகக் கேள்வி. நான் இங்கே அரைக்கிறேன். குடும்பத்தொழில் விட்டுப்போகாது.

உன் அருமைத் தங்கச்சி,
லோஜினி

●

லோஜன்,
கொழும்பு 06.
2025 பெப்ரவரி 2

அன்புள்ள லோஜிக்கு,

நீ போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். அதனால் நானும் பேனா பிடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சிரிக்காதே.

உன் கடிதத்தை முதலில் எடுத்தவன் என் ரூம்காரன். "லயம்னா என்ன மச்சான்?" என்று கேட்டான். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு என்று சொல்ல வாய் வரவில்லை, தெரிந்தவர் வீடு என்று சொல்லிவிட்டேன். இனி அப்படி எழுதாதே. இந்தக் கடிதத்தையும் ரிஸ்வி நானாவின் கடை விலாசத்துக்குத்தான் போடுகிறேன். அவர் தருவார்.

கேள்விப்பட்டது உண்மைதான். பெயர் சர்மிளா. எங்கள் கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். நல்ல மாதிரி. அவள் வீட்டில் நாம் ஹட்டன் டவுன் என்றும், அப்பாவுக்குத் தேயிலை வியாபாரம் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உடனே குதிக்காதே. இங்கே வந்த முதல் வாரம் சூப்பர்வைசர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "ஓ, தோட்டக்காட்டானா" என்று சொல்லிவிட்டு, அதுவரை விற்பனைக்கு நின்றவனைப் பெட்டி தூக்க அனுப்பினார். அடுத்த கடையில் ஹட்டன் டவுன் என்றேன். கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். நீ அந்த இடத்தில் நின்றதில்லை.

சர்மிளாவின் அம்மாவுக்குப் பீனட் பட்டர் என்றால் உயிர். உன்னுடையதைப் பற்றிச் சொன்னேன், கேட்கிறார். இரண்டு போத்தல் அனுப்பு. லேபல் ஒட்டுவதென்றால் ஹட்டன் டவுன் விலாசம் ஏதாவது போடு. அண்ணனுக்காக.

லோஜன்

●

லோஜினி,
7/4, கீழ்க்கணக்கு,
ஆர்ட்கில் தோட்டம், வட்டவளை.
2025 பெப்ரவரி 16

தேயிலை வியாபாரியின் மகனுக்கு,

அப்பாவுக்குத் தேயிலையோடு சம்பந்தம் உண்டு என்பது உண்மை. முப்பது வருடமாகக் கவ்வாத்துக் கத்தியால் அதன் தலையை வெட்டிக்கொண்டிருக்கிறார். வியாபாரம் மட்டும் வேறு யாரோ செய்கிறார்கள்.

அந்தச் சூப்பர்வைசரின் விலாசத்தை அனுப்பு. அவருக்கு ஒரு ஸ்பெஷல் போத்தல் இருக்கிறது. அதற்காகத் தனியாக அம்மியில் காரமான கொச்சிக்காய் ஏற்றுகிறேன். அண்ணே, அதை வாசித்துவிட்டு நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் அவர் சொன்னதற்காக அம்மா அப்பாவை ஏன் மறைக்கிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

விற்கிற சாமானுக்கு லேபலில் செய்த இடம் இருக்க வேண்டுமாம், ரிஸ்வி நானா சொன்னார். "ஏன் மகள், நம்ம கடை விலாசத்தப் போடுங்களே, ஒரு கரச்சலும் இல்ல" என்றார். "கடையிலயா அரைச்சேன் நானா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு லேபல் அடிக்கத் தன் மகன் அம்ஹரைக் கூப்பிட்டார். அதில் இப்படித்தான் இருக்கிறது: உறைப்புக் கடலை பட்டர், 7/4, கீழ்க்கணக்கு, ஆர்ட்கில் தோட்டம், வட்டவளை.

7/4 எங்கிருந்து வந்தது என்று யோசிப்பாய். கோயில் சுவருக்கு அடித்த பெயின்ட் மிச்சம் இருந்தது. கதவில் பெரிதாக எழுதிவிட்டேன். லயத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீஸில் கிடந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிடும்போதுதானே கைக்கு வருகிறது? என் சோதனை அட்மிஷன் கார்ட் ஆறு நாள் அங்கே தூங்கியது. எங்களுக்கும் ஒரு கதவு இருக்கிறது என்று தபால்காரருக்குத் தெரிய வேண்டாமா?

தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து பார்த்தார். "யார கேட்டு எழுதுன? இது தோட்டத்துக் கதவு."

"கதவு தோட்டத்துதுங்க ஐயா. நம்பர் எங்களோடது."

அப்பா என் பின்னால் நின்று இருமினார். ஐயா போய்விட்டார். நம்பர் இருக்கிறது. இப்போது வேலாயி அக்காவும் 7/5 எழுதச் சொல்லிக் கேட்கிறார்.

இரண்டு போத்தல் அனுப்புகிறேன். விலாசம் மாறாது.

லோஜினி
(உறைப்பு அதிகமாக இருந்தால் அது கடலையால் அல்ல)

●

லோஜன்,
கொழும்பு 06.
2025 மார்ச் 9

லோஜிக்கு,

பார்சல் கிடைத்தது. லேபலை ஊறவைத்துக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தேன். கோபித்தால் கோபித்துக்கொள். சர்மிளாவின் அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

மே மாதம் நிச்சயதார்த்தம் பேசுகிறார்கள். வேன் அனுப்புகிறேன், அம்மாவும் அப்பாவும் வரட்டும். அப்பா அதிகம் பேச வேண்டாம். "ஹட்டன் டவுன்ல சின்னதா பிஸ்னஸ்" என்று மட்டும் சொன்னால் போதும். நீ வாயைத் திறக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு நாள்தான் லோஜி. கெஞ்சிக் கேட்கிறேன்.

லோஜன்

●

லோஜினி,
7/4, கீழ்க்கணக்கு,
ஆர்ட்கில் தோட்டம், வட்டவளை.
2025 ஏப்ரல் 6

அண்ணே,

உன் கடிதத்தை அப்பா வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மாலை தண்ணீர் விழும் பீலியடியில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் போய்ப் பயங்காட்டலாம் என்று பூனை மாதிரிப் போனேன். அவர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு ஹட்டன் டவுன்ல சின்னதா பிஸ்னஸ்ங்க." திரும்பவும், "பிஸ்னஸ்ங்க." 'ங்க' போடுவதா வேண்டாமா என்று அவருக்குச் சந்தேகம். இரண்டு மாதிரியும் சொல்லிப் பார்த்தார்.

நான் பயங்காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறை.

அவர் உனக்காகப் பொய் சொல்லத் தயார். அம்மாவும் தலையாட்டிவிட்டார். நான் தயாரில்லை. வேன் வந்தால் நானும் ஏறுவேன், வாயையும் திறப்பேன். இது மிரட்டல் இல்லை, முன்னறிவித்தல்.

அடுத்த செய்தி. செவ்வாய்க்கிழமை தபால்காரர் மலையேறி வந்து, சிங்களத்தில் "7/4 இதுதானா?" என்று கேட்டு, என் கையில் ஒரு கடிதம் கொடுத்தார். பெரட்டில் கூப்பிடாமல், ஆபீஸில் தூங்காமல், எங்கள் கதவுக்கு வந்த முதல் கடிதம். அனுப்பியவர் சர்மிளா.

நீ வெளி லேபலைக் கழற்றுவாய் என்று எனக்குத் தெரியாதா? பதினாறு வருடமாக உன் தங்கச்சியாக இருக்கிறேன். மூடிக்கு உட்புறம், அட்டைக்கு அடியில் இன்னொன்று வைத்திருந்தேன். போத்தலைக் கழுவும்போது அட்டை கழன்றிருக்கிறது.

அவர் இன்னும் ஆறு போத்தல் கேட்டிருக்கிறார். அம்மி எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "போத்தல்ல பசை இருக்கு, வெளியில ஒட்டியிருந்த விலாசத்த யார் எடுத்தது தங்கச்சி?"

போத்தலுக்கும் அம்மிக்கும் பதில் எழுதிவிட்டேன். அந்த வரிக்கு எழுதவில்லை. அது என்னிடம் கேட்கிற கேள்வி இல்லை. நீயே சொல். சொல்லாவிட்டால், நீ அனுப்பும் வேனில் அப்பா ஏற மாட்டார். ஏற நான் விட மாட்டேன்.

லோஜினி

●

லோஜன்,
கணேசமூர்த்தி – ஜீவராணி மகன்,
7/4, கீழ்க்கணக்கு,
ஆர்ட்கில் தோட்டம், வட்டவளை.
(தற்போது கொழும்பு 06)
2025 ஏப்ரல் 27

லோஜிக்கு,

மூன்று வாரமாக உன் மேல் கோபம். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, நேரில் வந்து காதைத் திருகுகிறேன்.

சர்மிளாவிடம் நானே சொன்னேன். எல்லாவற்றையும், பெட்டி தூக்கியதையும் சேர்த்து. மூன்றாம் நாள், "லயத்துக்காக நான் கோபப்படல்ல. ரெண்டு வருஷம் என்னை நம்பாம இருந்தீங்களே, அதுக்குத்தான்" என்றாள். அவளுடைய அப்பா வீட்டில் பாத்திரம் உடைகிற மாதிரிச் சத்தம் போட்டாராம். தோட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறார். வராவிட்டால் போகட்டும். அதையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

வேன் வராது. மே 4 ஞாயிறு காலை ரயிலில் சர்மிளாவும் அவள் அம்மாவும் நானும் வட்டவளையில் இறங்குகிறோம். நிச்சயம் நடந்தால் நம் காம்பராவில் நடக்கும். நடக்காவிட்டால் ரொட்டியாவது சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அம்மியைக் கழுவித் தொலைத்துவிடாதே.

கழற்றிய லேபலை நான் கிழிக்கவில்லை. முழுதாகத்தான் வந்தது. காயவைத்துப் பர்சில் வைத்திருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியாது. நேற்று அதை ரூம் கதவில் ஒட்டினேன். ரூம்காரன் வாசித்துவிட்டு, "அந்தத் தெரிஞ்சவர் வீடா மச்சான்?" என்று கேட்டான். "எங்க வீடு" என்றேன்.

இந்த உறையில் ரிஸ்வி நானாவின் கடை இல்லை. தபால்காரர் மலையேறட்டும்.

அப்பாவிடம் சொல், அந்த வசனத்தை மறந்துவிடட்டும். அவர் கவ்வாத்தைப் பற்றிப் பேசட்டும். 'ங்க' போட்டே பேசட்டும்.

லோஜன், 7/4