வேலூரில் இருந்த ஒன்பது நாள்

திருவண்ணாமலை
17.10.1990

மதிப்பிற்குரிய பரசுராமன் அவர்களுக்கு,

திருவண்ணாமலை டிரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் வேதா எழுதுவது. நலம். நீங்கள் வேலூர் எக்ஸ்சேஞ்சிலும் நான் இங்கேயுமாக நாலு வருஷமாகத் தினமும் லைனில் பேசிக்கொள்கிறோம், ஆனால் முகத்தையும் பார்த்ததில்லை, கையெழுத்தையும் பார்த்ததில்லை. என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாசமாக என்னைக் காணோமே என்று எங்கள் ஆபீஸ் உண்ணாமலையிடம் தினமும் விசாரித்தீர்களாம். லீவு என்று மட்டும் சொல், வேறு எதுவும் சொல்லாதே என்று அவள் வாயைக் கட்டியது நான்தான். அவள்மேல் கோபம் வேண்டாம். எனக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. ஆபரேஷன் ஆகிவிட்டது. அதுவும் உங்கள் வேலூரிலேயே.

போன வருஷம் குடல்வால் ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியும். "சார், கொஞ்சம் வேதா மேடத்தைக் கூப்பிடுங்க"ன்னு என்னிடமே கேட்டீர்களே. லைனில் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அழுதேன். மூன்று வாரம் எச்சில் விழுங்கினாலே வலி. சூப்பர்வைசர் என்னை டெலிபோன் போர்டிலிருந்து எடுத்து ஃபைல் கட்ட உட்கார வைத்துவிட்டார். அந்தப் பயத்தில்தான் இந்தத் தடவை நாலு மாசம் கஞ்சி குடித்தே வலியை ஓட்டினேன். கடைசியில் டூட்டியிலேயே சுருண்டு விழுந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணன் சுப்பிரமணி கடலை பிடுங்குகிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, என்னை வேலூருக்கு அழைத்துப் போனார்.

அங்கே மயக்கம் கொடுப்பவர் அஜ்மத் பேகம் என்ற டாக்டரம்மா. போன தடவை எப்படி இருந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "மூணு வாரம் வீடு நிம்மதியா இருந்துச்சுங்க"ன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுசும் கேட்டார். "வயித்தை அறுத்துக்கிட்டவங்க தொண்டை வலியைச் சொல்லவே கூச்சப்படறாங்க. சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்"னார். மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்காகத் தொண்டைக்குள் ஒரு குழாய் விடுகிறார்களாம். குரல் வருகிற இடத்தைத் தாண்டித்தான் அது போகணுமாம். அதன் நுனியில் காற்றடைத்த சின்ன பலூன் ஒன்று. குழாய் பெரிசாக இருந்தாலும், பலூனில் காற்று ஜாஸ்தியானாலும் உள்ளே அழுத்திப் புண்ணாக்கிவிடும். "ஒரு சைஸ் கம்மியா போடறேன். காத்தைக் கையால அமுக்கிப் பார்க்கறதோட நிறுத்தாம மீட்டர் வெச்சு அளக்கறேன், நடுவுல திரும்பவும் பார்க்கறேன். வலியே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், குறைக்கறதுக்கு உண்டானதெல்லாம் செய்வேன்"னார். அந்தப் பேச்சை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். என்னைக் கிண்டல் செய்த அண்ணன் தியேட்டர் வாசலில் தேம்பி அழுதாராம். பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னாங்க.

மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் என் கன்னத்தைத் தட்டி ஏதாவது பேசச் சொன்னார்களாம். நான் கண்ணைத் திறக்காமலேயே, "ஹலோ, திருவண்ணாமலை, எந்த ஊர் வேணும்?"னு கேட்டேனாம். வார்டே சிரித்ததாம். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. மறுநாள் காலையில் டாக்டரம்மா தொண்டையைக் கேட்கவென்றே வந்தார். கொஞ்சம் கரகரப்பு இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாகக் குடிக்கச் சொன்னார். இரண்டாம் நாள் சாயங்காலம் அதுவும் போய்விட்டது. இப்போது தையலும் பிரித்தாயிற்று. இட்லி சாப்பிடுகிறேன், அண்ணனோடு சண்டையும் போடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் எக்ஸ்சேஞ்ச் நடக்கிற தூரம்தானாம். போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். உங்களுக்குத் தெரிந்தது என் குரல் ஒன்றுதான். ஒருவேளை அது போயிருந்தால், அது இல்லாத வேதாவை நீங்கள் முதல் முதலாகப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். தப்பென்றால் மன்னித்துவிடுங்கள்.

திங்கட்கிழமை டூட்டியில் சேருகிறேன். காலையில் முதல் லைன் வேலூருக்குத்தான் போடுவேன். குரலில் வித்தியாசம் தெரிந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நவம்பர் இரண்டாம் தேதி பௌர்ணமி. எனக்கு அன்று லீவு. மலை சுற்ற வருகிறேன் என்று நீங்கள் சொல்லத் தொடங்கி எத்தனையோ பௌர்ணமி போய்விட்டது. இந்தத் தடவை அவசியம் வாருங்கள். முழுச் சுற்று நடக்க எனக்கு இன்னும் தெம்பில்லை, வழியில் இருக்கிற அடி அண்ணாமலை கோயில் வரைக்கும் கூட வருகிறேன். லைனில் என்றால் மூன்று நிமிஷம் ஆனதும் நானே துண்டிக்க வேண்டியிருக்கிறது. நேரில் துண்டிக்க மாட்டேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வேதா