கேபிளுக்கு உயிர் வந்த வாரம்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். அண்ணனின் மெக்கானிக் ஷெட் ஓரமெல்லாம் தண்ணீர்.

காரையும் லேப்டாப்பையும் இணைத்து கோளாறு பார்க்கும் கேபிள் செத்துவிட்டது. டூப்ளிகேட் கேபிள். அப்டேட் கொடுத்தால் உள்ளே இருக்கும் சிப்பை அழித்துவிடும் என்று அண்ணனிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். சனிக்கிழமை, நான் இல்லாத நேரத்தில், அப்டேட்டை அமுக்கிவிட்டார்.

காத்திருந்த கஸ்டமரிடம் அவர் சொன்னது: "தங்கச்சி ஏதோ நோண்டிடுச்சிங்க."

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஆறு வருஷமாக இங்கே பில் போடுகிறேன்.

நவ. 4, செவ்வாய்

வெயில். கேபிளைப் பிரித்தேன். சிப் காலி. அதில் எழுத வேண்டிய ஃபைல், நெட்டில் யார் யாரோ போட்டது, மூன்று கிடைத்தது. சிப்பின் கால்கள் ஊசிமுனை அளவு. ஆறு ஒயரை சால்டர் வைத்து ஒட்டினேன். கழுத்து வலி.

முதல் ஃபைல்: எர்ரர். இரண்டாவது: ஏறியது, ஆனால் லேப்டாப்புக்குக் கேபிள் தெரியவில்லை.

காயப்போட்ட துணியை எடுக்க மறந்தேன்.

நவ. 5, புதன், பௌர்ணமி

கிரிவலக் கூட்டம். ஆட்டோ விடவில்லை, நடந்தே ஷெட்டுக்கு. அண்ணன் வரவில்லை.

ஒரு ஒயர் சரியாக ஒட்டாமல் இருந்திருக்கிறது. திரும்ப வைத்து, மூன்றாவது ஃபைல். முழுசாக ஏறியது. லேப்டாப்பில் கேபிளின் பெயர் வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

நவ. 6, வியாழன்

அண்ணன்: "வந்துடுச்சா? சரி." அவ்வளவுதான்.

முதல் வேலை, விற்பதற்காக அவர் வாங்கிப் போட்ட வெள்ளைக் கார். எங்கோ இடித்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் ஏர்பேக் வெடித்த வண்டி. புதுசு போடவில்லை, மூடி மட்டும் மாற்றியிருக்கிறார். எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. கேபிளை மாட்டி, இந்த வண்டிக்கு அந்த ஏர்பேக்கே கிடையாது என்று வண்டியின் கம்ப்யூட்டரில் மாற்றினார். அணைந்தது.

"ண்ணா, சொல்லிட்டு வில்லுண்ணா."

"சொன்னா எவன் வாங்குவான்? நீ உன் வேலயப் பாரு."

நான் எழுதிய சிப்.

நவ. 8, சனி

வெள்ளைக் காரை வாங்க கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வாத்தியார், மனைவியோடு. அண்ணன் டீ சொல்லப் போனபோது வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். "சார், பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் இல்லைங்க. லைட்டு எரியாத மாதிரி மாத்தி வெச்சிருக்கு."

அண்ணன் வந்ததும் வாத்தியார் அதைக் கேட்டார். அண்ணன் சிரித்தார். "அது பில்லு போடற புள்ள சார். அதுக்கு இன்னா தெரியும்? நீங்களே சாவியப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். நல்ல வண்டியில் போலவே விளக்கு வந்து அணைந்தது. "சரியாதானம்மா இருக்குது" என்றார் என்னிடம், தப்பாக விடை சொன்ன பிள்ளையிடம் சொல்வது போல.

அண்ணனும் அவரும் உள்ளே கையெழுத்துப் போடப் போனார்கள். அந்த அம்மா காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிப் பக்கம் குனிந்து அவரிடமும் சொன்னேன்.

"நெஜமாவா?"

"நெஜங்க."

ஷெட் வாசலைப் பார்த்தார். "இப்ப சொன்னா அவரு கோச்சிப்பாரு. உடு, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

இறங்கி, பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார்.