ஆலிஸ் ஆற்றை மகள்?

அன்புள்ள அக்கா,

போன வாரம் உறுதியான செய்தியை முதலில் சொல்கிறேன். முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் கப்பலேறிப் போய் அமெரிக்கக் கரையில் குடியேறிய ஓர் ஆங்கிலேயத் தம்பதியின் நேரடி வழித்தோன்றல் உங்கள் மருமகள் காரி. அவர்கள் பெயர் ரிச்சர்ட், ஆலிஸ். அந்த வம்சத்தைச் சரிபார்க்கும் சங்கம் அனுப்பிய மின்னஞ்சலை, ஹவுகன்ஸ்டுவாவில் உங்கள் சமையலறை மேசையில் இருந்து இரண்டு முறை வாசித்தேன்.

இது எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? உங்கள் மகன் ரமணன் அவளை முதன்முதலில் கூட்டிவந்த அன்று, பெயரைக் கேட்டுச் சிரித்தீர்கள். “என்ன காரி? வெள்ளைக்காரியோ, கெட்டிக்காரியோ?” பிறகு யாரைக் கண்டாலும் நாம் கேட்பதை, யாருடைய பிள்ளை என்பதை, கேட்டீர்கள். “நீ ஆற்றை மகள், பிள்ளை?” இங்கே திராமன் ஊரில் தச்சுவேலை செய்யும் அப்பாவையும், அமெரிக்காவிலிருந்து வந்த அம்மாவையும் சொன்னாள். “அம்மா ஆற்றை மகள்?” என்றீர்கள், கறியைக் கிளறியபடி, சும்மா பேச்சுக்கு. அம்மம்மாவின் பெயரையும் சொன்னாள். “அவ?” அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

நாம் அதை மறந்துவிட்டோம். அவளோ, பதில் சொன்னால்தான் இந்தக் குடும்பத்தில் இடம் என்று நினைத்துவிட்டாள், அக்கா. ஞாயிறுகளில் சாப்பிட வரும்போது புதிதாக ஒரு தாயைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். மீனுக்கு உப்பிட்டவள், பள்ளிக்கூடம் நடத்தியவள், கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். நீங்களும் விடவில்லை. “சரி, அந்த மனிசி ஆற்றை பிள்ளை?”

அப்படி ஏறிப்போன இடத்தில் ஆலிஸ் நின்றாள். கைக்குழந்தையோடு அந்தப் பெருங்கடலைக் கடந்து, முதல் பனிக்காலத்திலேயே அந்தக் குழந்தையைப் புதைத்து, பிறகும் பெற்று வளர்த்தவள். அவள் வழி வந்தவர்களை முழுதாக எண்ணி முடித்தவர் இல்லை. அவர்களில் ஒருத்தி இங்கே நின்று உங்கள் கோப்பைகளைக் கழுவுகிறாள் என்பது எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

நீங்கள் மலைக்கவில்லை. “இவை போய்க் குடியேறினவை எண்டால், அங்கை முதலே இருந்த சனம் எங்கை போனது?” என்றீர்கள். போரில் வீட்டை விட்டு ஓடி வந்தவரின் கேள்வி அது. காரி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுத்த ஞாயிறு வந்ததும் வராததுமாக, “கலைச்சுப் போட்டினம், மாமி” என்றாள். துரத்திவிட்டார்கள் என்பதற்கு உங்களிடம் கற்ற தமிழ்.

மருத்துவமனையில் நீங்கள் இருவரும் கடைசியாகக் கதைத்ததும் ஆலிஸைப் பற்றித்தான்.

“அவ ஆற்றை மகள் எண்டு தெரியேல்லை, மாமி. கலியாணத்துக்கு முந்தின பேர் ஒரு இடமும் இல்லை.”

“புருசன்ரை பேர் இருக்கு, தேப்பன்ரை பேர் இல்லையோ? என்ன சனமப்பா! தேடு, பிள்ளை. விட்டிடாதை.”

நீங்கள் காணாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வசந்தத்தில் உங்களுக்கு ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள். சனிக்கிழமை லில்லெஸ்ட்ரோம் போகும் ரயிலில் நம் தமிழ்ப் பெண்மணி ஒருவர் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்தார். “என்ன வடிவு! ஆற்றை பிள்ளை?” காரி ஆலிஸிலிருந்து தொடங்கப் போகிறாள் என்று எண்ணி, ரமணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“விமலாக்கான்ரை பேத்தி,” என்றாள்.

“ஹவுகன்ஸ்டுவா விமலாவோ? அப்பிடிச் சொல்லன்!” என்று அவர் தள்ளி இருந்து அவளுக்கு இடம் விட்டார்.

ஆலிஸின் தகப்பன் யார் என்பது மட்டும் பாக்கி. அவள் பிறந்ததாகக் கருதப்படும் இங்கிலாந்து ஊரின் தேவாலயப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் பதில் தருவதாகச் சங்கத்தார் எழுதியிருக்கிறார்கள். பெயர் கிடைக்காமலும் போகலாம். எதுவானாலும் காரியையும் குழந்தையையும் உங்கள் படத்தின் முன் கூட்டிவருவேன். அவளே சொல்லட்டும். கெட்டிக்காரிதான், அக்கா.

என்னை யாரென்று யாரும் கேட்டால் நான் சொல்லிக்கொள்வதும் உங்கள் பெயரைத்தான்:

விமலாக்கான்ரை தம்பி