தட்டில் சுற்றி வந்த கூறை

13 ஏப்ரல் 2013

அம்மாவின் செத்தவீடு முடிந்து, பாரிஸ் லாச்சப்பலில் அவர் இருந்த வீட்டைத் துப்புரவாக்கினேன். மாத முடிவில் சாவியைக் கொடுக்க வேண்டும். மெத்தைகளும் போர்வைகளும் ஒரு மலை. ஊரிலிருந்து வந்திறங்கிய பெடியங்கள் எல்லாரும் இங்கேதான் படுத்தார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் இந்தக் கூடத்தில்தான் தொடங்கியது. எனக்கென்று ஒரு கட்டில் இருந்ததாக ஞாபகமில்லை.

அலுமாரியின் அடியில் அம்மாவின் கலியாணக் கூறைச் சேலை. அந்தக் காலத்தில் இங்கே கூறை விற்க ஒரு கடை ஏது? தாய் தகப்பன் இல்லாமல் வந்த பெட்டைகளுக்கு அம்மா அதையே கட்டிவிட்டு, தாயாகவும் நின்றார். 'தில்லைநாயகி அம்மான்ரை கூறை' என்றால் ராசி. அப்பா இறந்த பிறகும் கேட்டு வந்தார்கள். விதவையின் கூறை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

வில்லியே லே பெல்லில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

21 ஏப்ரல்

விதுர்ஷா வந்தாள். வன்னிப் பிள்ளை, 2009 சண்டையில் தாயைப் பறிகொடுத்தவள். யூனில் கலியாணம்.

"அக்கா, தில்லைநாயகி அம்மா தன்ரை கூறையைத் தாறன் எண்டு சொன்னவ. தானே கட்டிவிடுறன் எண்டும்…"

"அதை அம்மாவோடையே அனுப்பிப்போட்டன்," என்றேன். "பெட்டிக்குள்ளை வைச்சு."

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்ல காரியம் செய்தனீங்கள் அக்கா."

சேலை அடுத்த அறையில் இருந்தது. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வெட்கங்கெட்டவள்.

22 ஏப்ரல்

ஏன் அப்படிச் சொன்னேன்? இப்போது ரூ பெர்தொனே தெருவில் கடைக்குக் கடை கூறை தொங்குகிறதே, வாங்கட்டுமே — இல்லை, அது காரணமில்லை. என் கலியாணத்துக்கு நானும் அதைக் கேட்டேன். "அது ஒருத்தரும் இல்லாததுகளுக்கு. உனக்கு நான் இருக்கிறனெல்லே," என்றார் அம்மா. ஊரெல்லாம் கட்டியது, நான் கட்டவில்லை. நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு சின்னப்புத்தி.

12 மே

பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு நினைவுக் கூட்டம். வசந்தரூபி அக்கா பேசினார். அந்தக் கூறையை முதன்முதல் இரவல் கட்டியவர். "மகள் அதைத் தாயோடையே அனுப்பினவ. இப்பிடி ஒரு பிள்ளையைப் பெறக் குடுத்துவைச்சிருக்கோணும்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். அதையும் அடக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

19 மே

சேலையை விரித்தேன். அம்மாவின் மணமே இல்லை. யார் யாருடையதோ சந்தனமும் ஓமப்புகையும். முந்தானையில், வசந்தரூபி அக்காவின் கலியாணத்தில் பொறி விழுந்த ஓட்டை. சிவப்பு நூல் கிடைக்காமல் அம்மா பச்சையால் தைத்தது.

கட்ட ஏலாது. வெளியிலை எடுக்க ஏலாது. என்ன கோதாரிக்கு வைச்சிருக்கிறன்?

16 யூன்

கார்ஜ் லே கொனெஸில் விதுர்ஷாவின் அறைக்குப் போய்க் கூறையைக் கொடுத்துவிட்டேன். "பொய் சொன்னனான்," என்றேன். அவள் பச்சைத் தையலைத் தடவினாள். "ஓம் அக்கா." இருங்கோ என்று சொல்லவில்லை.

30 யூன்

கலியாணம்.

தாலியும் கூறையும் வைத்த தட்டைச் சபையோரின் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதை எப்படி மறந்தேன்? ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட வேண்டும். மேல் மடிப்பிலேயே பச்சைத் தையல். வசந்தரூபி அக்காவின் விரல் அதில் நின்றது. பிறகு கும்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரும் அதைக் கட்டியவர்தான். அவரும் பார்க்கவில்லை. ஆராவது என்னை ரெண்டு ஏச்சு ஏசியிருக்கலாம்.

தட்டு என்னிடமும் வந்தது. தொட்டேன்.

கூறை கட்டிவிட வசந்தரூபி அக்காவைத்தான் கூப்பிட்டார்கள்.

3 யூலை

ஒன்றுமில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

21 யூலை

விதுர்ஷாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சேலையை வெயில் காட்டி மடித்து வைக்கிறேன், வந்து எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"அது வசந்தரூபி அக்காவிட்டை, அக்கா. செப்ரெம்பரிலை இன்னொரு பிள்ளைக்கு வேணுமாம்."

"அதுக்குப் பிறகு?"

"அவவிட்டைத்தான் இருக்கும்."

மரியாதையாகத்தான் சொன்னாள். சரி பிள்ளை என்று வைத்துவிட்டேன்.

அம்மாவின் கூறையைப் பார்ப்பதென்றால், இனி எனக்கும் யாராவது கலியாணத்துக்குச் சொல்ல வேண்டும்.