பேரி மரத்து வேர்

போளூர், 14.10.2024

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

மதுரையில் அண்ணனுக்குக் கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை அடித்த காற்றில் உங்கள் கொல்லைப் பேரிக்காய் மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. நாற்காலிக் கைக்கு ஆகும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்த அந்த வளைந்த கிளைக்குச் சேதமில்லை. நம் பட்டறையிலிருந்து பெங்களூர் கண்காட்சிக்கு அனுப்பும் நாற்காலியை அதிலேயே செய்யட்டுமா?

அன்புத் தங்கை,
புவனா

மதுரை, 20.10.2024

என் புவனாவுக்கு,

படித்ததும் அழுதுவிட்டேன். "ஏங்கால்ல கத்தி வச்சப்பக்கூட இம்புட்டு அழுகலையே நீ!" என்று உன் அண்ணனுக்குச் சிரிப்பு. தானாக விழட்டும், கிழவியாகிற வரைக்கும் காத்திருக்கிறேன் என்று சொன்னேன், அதற்குள் விழுந்துவிட்டது. நீயே செய். பச்சை மரம், அவசரப்பட்டால் வெடிக்கும். வெட்டுவாயில் மெழுகு பூசி நிழலில் போடு. கிளை போன போக்கிலேயே போ, இழைத்து நேராக்கிவிடாதே.

வேரை மட்டும் எனக்குப் பத்திரமாக எடுத்து வை. கவிழ்த்துப் போட்டு மேசைக்கால் செய்ய ஆசை.

அன்புடன்,
ஜோதி அக்கா

போளூர், 27.10.2024

அன்புள்ள அக்கா,

வேர் மக்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா அடுப்புக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னபடியே மெழுகு பூசியாயிற்று.

உங்கள்,
புவனா

போளூர், 19.1.2025

புவனாவுக்கு,

நேற்று வீடு வந்து சேர்ந்தோம். நீ பெங்களூரில் இருப்பதால் அங்கேயே எழுதுகிறேன். ராக்காயியிடம் வேர் நன்றாக எரிந்ததா என்று கேட்டேன். "எந்த வேருங்க? மரத்தத்தான் புவனாப்பொண்ணு மெஷின் வச்சு அறுத்துச்சே. நீங்க சொன்னதாச் சொல்லுச்சுங்க" என்றாள்.

கொல்லைக்குப் போய், அந்த இடத்தில் நீ நட்டிருந்த பூச்செடியைப் பிடுங்கி, மண்ணைத் தள்ளினேன். ரம்பம் போன அடிமரம் தட்டையாக இருக்கிறது. வேர் கல்லு மாதிரி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. உயிரோடு நிற்கும் மரத்தில் கை வைப்பதில்லை என்பது நாம் இருவரும் சேர்ந்து பட்டறைக்கு வைத்த சட்டம். நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன், கண்காட்சி அட்டையில் "காற்றில் விழுந்த மரம்" என்று எழுதி, அதன் கீழே என் பெயரையும் போட்டிருக்கிறாய். அது பொய் என்று கண்காட்சிக்காரர்களிடம் இன்று காலை போனில் சொல்லிவிட்டேன். என் பெயரை எடுத்துவிடுவார்கள்.

கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டேன். அது உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. மரத்தை அறுத்ததைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். நான் நம்பி அழுததையும் வேரைக் கேட்டதையும் படித்துவிட்டு, உட்கார்ந்து யோசித்து எனக்கொரு பதில் எழுதினாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் உளிகளை ராக்காயி வீட்டில் வைத்திருக்கிறேன், அங்கே வந்து எடுத்துக்கொள். பட்டறைக்கு வராதே. இனி எழுதினால் அக்கா என்று எழுதாதே.

ஜோதிமணி