ஒளித்து வைத்த சுகர் மெஷின்

தென்னூர், திருச்சி

அன்பு மகன் ஹாலிதுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் உன் தங்கை சம்ரீனும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், தோஹாவில் நீயும் மருமகள் ஹஃப்ஸாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். சம்ரீனைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

திருவானைக்காவலிலிருந்து ஜெஸிமா என்ற அம்மா தன் மகனுக்காகப் பார்க்க வந்தார்கள், கூட அவர்களுடைய அண்ணனும் வந்தார். அன்று காலையில் நான் செய்த முதல் வேலை, நீ வாங்கி அனுப்பிய சுகர் மெஷினைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் திணித்ததுதான். தாய்க்குச் சுகர் என்றால் நாளைக்கு மகளுக்கும் வரும் என்று நினைத்து வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயம். "மாத்திரை போடுறதுக்கு முன்னாடி குத்திப் பாருங்கம்மா" என்று சம்ரீன் சொன்னாள், நான் அதட்டிவிட்டேன். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, வந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வயிற்றைக் காயப்போட்டேன். அவர்கள் காவிரிப் பாலத்து நெரிசலில் மாட்டி வெகு தாமதமாகத்தான் வந்தார்கள். அதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, அடுப்படிச் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது, மீதியை அத்தா சொன்னார்கள். ஜெஸிமாம்மா சம்ரீன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன படித்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். நான் போய், "யாரு நீங்க? எதுக்கு என் பொண்ணைத் தொடுறீங்க? வெளியே போங்க" என்று கத்தி, கையிலிருந்த பாயசத்தை அவர்கள் மடியிலேயே கவிழ்த்துவிட்டேனாம். "இந்தம்மாவுக்கு மூளை சரியில்லையா?" என்று அந்த அண்ணன் எழுந்துவிட்டாராம். சம்ரீன்தான் ஓடிப்போய்ப் புடவைகளை வாரிப் போட்டு மெஷினை எடுத்து வந்து, எல்லார் முன்னாலும் என் விரலில் குத்தினாள். சுகர் ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது, எழுபதுக்குக் கீழே போகவே கூடாதாம். அவள் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும்போது என் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தது ஜெஸிமாம்மா. தெளிவு வந்தபோது அவர்கள் புடவையில் வழிந்திருந்த பாயசம்தான் முதலில் கண்ணில் பட்டது. சாப்பிடாமலே கிளம்பிப் போனார்கள் ஹாலித், எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

அந்த வாரமே அத்தாவோடு அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க திட்டினதை நான் மனசுல வச்சுக்கலைங்க, அது சுகர் பேசினது. மெஷினை ஒளிச்சு வச்சது நீங்கதானே? அதுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. கிளம்பும்போது, சம்ரீனுக்குச் சம்மதம் என்றால் தங்களுக்கும் சம்மதம் என்று சொன்னார்கள். நான் சந்தோஷமாக வந்து அவளிடம் சொன்னால், அவள் அழுகிறாள். "எனக்கு மாப்பிள்ளை வேணும்னு உங்க உசுரையா கேட்டேன்? உங்க சீக்கு எனக்கு அவமானம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களேம்மா" என்றாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறாள், நானும் வற்புறுத்தவில்லை. என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை, ஆனால் காலையில் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹாலில் மெஷினோடு வந்து உட்கார்ந்து கையை நீட்டுகிறாள். நானும் பேசாமல் விரலைக் கொடுக்கிறேன், தெருவில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

இதற்காக அவளைப் போனில் எதுவும் கேட்காதே, கோபித்துக்கொள்வதென்றால் என்னைக் கோபித்துக்கொள். உனக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது, அங்கே ஒருமுறை ரத்தம் கொடுத்துச் சுகர் பார்த்துவிடு. என்ன வந்தாலும் அதை முதலில் ஹஃப்ஸாவிடம் சொல். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பையும், ஒருவருக்கொருவர் மறைக்காத மனதையும் தரட்டும்.

உன் அம்மா
ஜஹானாரா