வாத்துகளைப் பற்றி மட்டும்

கீழ்வேளூர்
13.10.2024

அன்பு மதிக்கு,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. அத்தையிடம் கேட்டால், "யாருகிட்டயும் பேச மாட்டேங்குறா மாப்ள, கொஞ்ச நாள் விடுங்க" என்கிறார். அதனால் தபாலில் எழுதுகிறேன்.

குழந்தை பிறப்பதற்கு முன் நாம் சொல்லிவைத்திருந்த வாத்துக் குஞ்சுகள் வந்துவிட்டன. நான் அடியோடு மறந்திருந்தேன். வேண்டாம் என்றேன். வண்டிக்காரர் சேக் தாவூது, "திருப்பிக் கொண்டுபோனா பாதி வழியிலயே செத்துடும் தம்பி, எடுத்துக்கங்க" என்று வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

தகரத்தை வளைத்து, பல்பு கட்டி, குஞ்சுகளுக்குச் சூடு கிடைக்க புரூடர் போட்டிருக்கிறேன். சிலவற்றுக்குக் கண்ணில் நுரை வந்து இமை ஒட்டிக்கொள்கிறது. முதுகில் தூவி உதிர்ந்து தோல் சிவப்பாகத் தெரிகிறது. கால்நடை மருத்துவர் என் வீட்டிலேயே இருக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன், இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

அத்தை வைப்பதைச் சாப்பிடு.

பரிதி

தஞ்சாவூர்
17.10.2024

பரிதிக்கு,

தண்ணீர் எதில் வைக்கிறீர்கள்? கோழிக்குஞ்சுக்கு வைக்கும் தட்டு என்றால் ஆழம் போதாது. வாத்து தலையை முக்கிக் கண்ணைக் கழுவிக்கொள்ள வேண்டும். தலை முங்குகிற ஆழத்தில் வையுங்கள். உள்ளே இறங்கி நனையாதபடி மேலே கம்பி வலை போடுங்கள். ஒட்டிய கண்ணைக் காய்ச்சி ஆறிய உப்புநீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம்.

பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரத்துக்கு ஓடி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. சூட்டிலும் நெரிசலிலும் ஒன்றையொன்று கொத்திப் பிடுங்கும். முதுகில் தூவி போனது அதனால்தான் இருக்கும். பல்பை உயர்த்தி, தகரத்தை அகலமாக்குங்கள். புண்பட்டதைத் தனியே வையுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம், தூவி ஒட்டிப்போகும்.

குனிந்து, அடியில் பரப்பியிருக்கும் உமியை மோந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அவற்றுக்கும் எரியும். எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்? காற்று வருமா?

மதிவதனி

கீழ்வேளூர்
24.10.2024

மதி,

கண் திறந்துவிட்டது. முதுகிலும் புதுத் தூவி வருகிறது. இப்போது வேறு தொல்லை. சில குஞ்சுகள் நிற்க முடியாமல் முட்டியில் உட்கார்ந்துவிடுகின்றன. கால் பக்கவாட்டில் விரிகிறது. கடையில் வாங்கிய கோழித் தீவனம்தான் போடுகிறேன்.

இடம் கேட்டாய். கொட்டகை மழையில் ஒழுகியது. கிழக்கு அறையில் வைத்திருக்கிறேன். குழந்தைக்கென்று நாம் வெள்ளையடித்த அறைதான். வேறு காய்ந்த இடம் இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், நீ கேட்டுவிட்டாய்.

பரிதி

கீழ்வேளூர்
5.11.2024

மதி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கால் விரிந்த குஞ்சுகளில் ஒன்று செத்துவிட்டது. வாய்க்கால் மேட்டில் புதைத்துவிட்டு, கை கழுவி, வந்து சாப்பிட்டேன். குழந்தை போன அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறேன் போல. ஆஸ்பத்திரி வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் நான் டீ வாங்கிக் கொடுத்தேன் என்று என் தங்கை எழில்மொழி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

கோபம் என்றால் கோபம் என்று மட்டுமாவது எழுது.

பரிதி

தஞ்சாவூர்
9.11.2024

பரிதிக்கு,

கோபம் இல்லை. வரும் என்று காத்திருந்தேன். அறையைப் பற்றிப் படித்தபோதும் ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுத்து வந்தேன்.

முதலில் கால். வாத்துக்கு வேண்டிய நியாசின் என்ற வைட்டமின் கோழித் தீவனத்தில் போதாது. கால்நடை மருந்துக் கடையில் ஈஸ்ட் பொடி கேட்டு வாங்கித் தீவனத்தில் கலந்து போடுங்கள். தரை வழுக்கக் கூடாது, சாக்கு விரியுங்கள். இதை அப்போதே எழுதியிருந்தால் அந்தக் குஞ்சு பிழைத்திருக்கலாம். அது தெரிந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நம் மகள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது நான் டாக்டராகத்தான் நின்றேன். மூச்சையும் நிறத்தையும் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேனா என்று தெரியவில்லை. கையில் கட்டியிருந்த சீட்டில் 'மதிவதனி குழந்தை' என்றிருந்தது. அவளுக்கென்று ஒரு பெயர்கூட நாம் வைக்கவில்லை.

"ஒரு தடவ வாய்விட்டு அழுதுடுடி" என்கிறாள் அம்மா. வரவில்லை.

மதி

கீழ்வேளூர்
18.11.2024

அன்பு மதி,

நிற்க முடியாதவை எழுந்துவிட்டன. ஒன்று மட்டும் இன்னும் நொண்டுகிறது. நேற்று மழை விட்டு வெயில் வந்தது, வாய்க்காலில் இறக்கினேன். முதலில் கரையிலேயே நின்று கத்தின. நொண்டிதான் முதலில் தண்ணீரில் விழுந்தது. மற்றவை பின்னாலேயே போயின.

சாயந்திரம் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கூரைக்குத் தார்ப்பாய் போட்டாயிற்று. அறையைக் கழுவிவிட்டேன். நாற்றம் இன்னும் போகவில்லை.

முகத்தை நான் பார்த்தேன் மதி. நெற்றி உன்னுடையது. மூக்கைப் பார்த்துவிட்டு எழில்மொழி, "அப்படியே அண்ணன் மூக்கு" என்றாள். உனக்கு வேண்டுமென்றால் நேரில் சொல்கிறேன், எழுத வரவில்லை.

இனி வாத்துகளைப் பற்றிக் கேட்க எதுவும் இல்லை. நீ வருகிறாயா?

பரிதி

தஞ்சாவூர்
21.11.2024

அன்புள்ள பரிதிக்கு,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பெரிய பெட்டி எடுத்துவரப் போவதில்லை. இருப்பேனா, திரும்புவேனா என்று எனக்கே தெரியவில்லை. யாரையும் வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம்.

நெற்றியில் தொடங்கி, தெரிந்தது எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லுங்கள். நடுவில் உங்களுக்கு அழுகை வந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டாம். எனக்கு வராவிட்டாலும் எழுந்து போகமாட்டேன்.

மதி